பெயர்ப்பலகை இருக்க வழிகாட்டி எதற்கு? இராமநாதபுரக் கரையின் காட்டு நடைகள் குறித்து

ஜனவரி 5, 2025

வாசகர் ஒருவரின் கேள்வி இது: "மரத்துக்கு மரம் ஒரு பலகை நட்டு, கைப்பேசியில் படிக்கும்படி கியூஆர் குறியீடும் ஒட்டிவிட்டால் போதாதா? ஒருவருக்குப் பணம் கொடுத்து, அவர் பின்னால் வரிசையாக நடந்து, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருவதில் கூடுதலாக என்ன கிடைத்துவிடும்?"

போதாது என்பதே என் பதில். காரணத்தைப் பட்டதிலிருந்து சொல்கிறேன்.

காரங்காட்டு அலையாத்திக் காட்டின் படகுச் சவாரி பலரும் அறிந்தது. நான் சொல்லப்போவது அதே பாக் நீரிணைக் கரையில், தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே உள்ள வேறொரு சிறிய ஓடை. மூன்று ஆண்டுகளுக்கு முன் பள்ளிப் பிள்ளைகள் பதினெட்டுப் பேருடன் அங்கே போனேன். எங்களை அழைத்துச் சென்றவர் நண்டு பிடிக்கும் ஓர் அம்மாள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஓடைக்குள் இறங்குவதற்கு முன் அவர் முதலில் பார்த்தது மரத்தை அன்று, தண்ணீரை. "இன்னும் கொஞ்சம் வத்தட்டும் சார், பிள்ளைகளை உட்கார வைங்க" என்றார். நாங்கள் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அதற்குப் பிறகு நடந்த பாதை, நாங்கள் வந்து இறங்கியபோது நீருக்குள் கிடந்த பாதை.

அவர் சுரபுன்னையின் இலை ஒன்றைப் பறித்து, பிள்ளைகளிடம் நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். உப்புக் கரித்தது. மழை பெய்த மறுநாள் இந்தக் கரிப்பு இருக்காது என்றும், பங்குனி வெயிலில் இலை மேல் உப்புப் படிந்து விரலில் ஒட்டும் என்றும் சொன்னார். சேற்றுக்கு மேல் விரல்களைப் போல நீட்டிக்கொண்டிருந்த மூச்சுவேர்களைக் காட்டி, அவற்றை மிதித்தால் மரத்தின் மூக்கைப் பொத்துவது போலாகும் என்றார். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு பதினெட்டுப் பிள்ளைகளில் ஒருவரும் ஒரு வேரையும் மிதிக்கவில்லை. இதே செய்தியைப் பாடப்புத்தகத்தில் நான் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். எந்தப் பிள்ளையும் அதனால் காலைத் தூக்கி வைத்து நடந்ததில்லை.

ஜனவரி 7

தொண்டியிலிருந்து ஒருவர் திருத்தம் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதே சரி. நான் எழுதியது பிழை.

அந்த ஓடையில் நாங்கள் சுவைத்தது சுரபுன்னை இலை அன்று, வெண்கண்டல் இலை. இரண்டும் அலையாத்தி மரங்களே என்றாலும் உப்பைக் கையாளும் முறை வேறு. சுரபுன்னை பெரும்பாலான உப்பை வேரிலேயே வடிகட்டி நிறுத்திவிடும். வெண்கண்டலோ உப்பை உள்ளே விட்டு, பிறகு இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிடும். மேலும், சுரபுன்னைக்குத் தண்டிலிருந்து வளைந்து இறங்கும் தாங்குவேர்கள் உண்டு. சேற்றிலிருந்து மேல்நோக்கி நிமிரும் மூச்சுவேர் வெண்கண்டலுடையது. ஆகவே என் குறிப்பே தன்னைத் தானே மறுத்துக்கொண்டிருந்தது. நம் மாவட்டத்து அலையாத்திக் காடுகளில் பெரும்பகுதி வெண்கண்டல்தான். பிச்சாவரம் பெயர்பெற்றுவிட்டதால் அலையாத்தி என்றாலே சுரபுன்னை என்று எழுதும் பழக்கம் எங்களைப் போன்ற படித்தவர்களிடம் வந்துவிட்டது.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது இதை: அந்த அம்மாள் அன்று "கண்டல்" என்று மட்டுமே சொன்னார். என் பழைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன்; அங்கேயும் கண்டல் என்றுதான் எழுதியிருக்கிறது. நான்தான் நினைவிலிருந்து எழுதும்போது, அவர் சொன்ன சரியான பெயரை எடுத்துவிட்டு, எனக்குப் பழகிய தவறான பெயரைப் போட்டிருக்கிறேன். சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் வருகின்ற அதே கண்டல், ஒரு நண்டுக்காரரின் வாயில் இன்றும் வழக்கில் இருக்கிறது. பலகை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தால், அந்த ஓடை முழுவதும் பிழையான பெயர் தகரத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்.

ஜனவரி 13

"அலையாத்தியைப் பற்றியே பேசுகிறீர்கள், அதைவிட்டால் இந்த வறண்ட மாவட்டத்தில் நடந்து பார்க்க என்ன காடு இருக்கிறது?" என்று பரமக்குடி அன்பர் கேட்டிருக்கிறார். காடு என்றால் இருண்டு உயர்ந்து நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிட்டால், நம் கரையில் நான்கைந்து வகைக் காடுகள் தெரியும்.

உடைமரக் காட்டை எடுத்துக்கொள்வோம். குடையை விரித்து வைத்ததைப் போலத் தட்டையாக நிற்பதால் அதற்குக் குடைவேல் என்றும் பெயர். காற்றும் மணலும் உப்பும் சேர்ந்த கரையில் அது நிழல் தருகிறது. அதன் காய்களை ஆடுகள் விரும்பித் தின்னும். முள்ளை வெட்டி வேலி அடைப்பார்கள். ஆடு மேய்க்கும் ஒருவரோடு மண்டபம் பக்கத்தில் ஒருநாள் நடந்தபோது, எந்த உடைமரத்தின் கீழ் எந்த மாதத்தில் காய் உதிரும் என்பதை வைத்தே அவர் தம் மந்தையின் வழியை ஆண்டு முழுவதும் வகுத்துக்கொள்கிறார் என்பதை அறிந்தேன்.

உவர் நிலத்தில் தழைக்கும் உகா மரம் இன்னொன்று. அதன் வேரையும் குச்சியையும்தான் மிஸ்வாக் என்று பல் துலக்கப் பயன்படுத்துகிறார்கள். கீழக்கரையில் என்னோடு படித்த நண்பனின் வீட்டில் அவனுடைய வாப்பா தொழுகைக்கு முன் அந்தக் குச்சியை மெல்வதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். கடையில் விற்கும் அந்தக் குச்சிக்குரிய மரம் எங்கள் ஊர்ப்புறத்திலேயே நிற்கிறது என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. அதன் சிறு பழம் இனிப்போடு தொடங்கிக் காரத்தோடு முடியும்.

பனங்காட்டில் நடப்பதாக இருந்தால் பனையேறி ஒருவரோடு நடக்க வேண்டும். உச்சிப்புளி வட்டாரத்தில் ஒரு பங்குனி மாத விடியலில் அப்படி நடந்தேன். நாங்கள் அண்ணாச்சி என்று அழைத்த அவர், இடுப்பில் பாளை அரிவாளும், கையில் பாளையை இடுக்கும் கடிப்பும், உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயமுமாக வந்தார். சுண்ணாம்பு இல்லையென்றால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்பது பலருக்கும் தெரியும். அவர் சொன்னதில் எனக்குப் புதியதாக இருந்தது, எந்த மரத்துக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்ற கணக்கு. இனிப்பு மிகுந்த மரம், நீர் மிகுந்த மரம், வெயில் நேராகப் படும் மரம் என்று ஒவ்வொன்றுக்கும் தடவும் அளவு வேறு. அளவு கூடினால் கருப்பட்டி சரியாக வராது. நாற்பது மரங்களின் குணத்தையும் அவர் மனிதர்களின் குணத்தைச் சொல்வது போலச் சொன்னார். காய்க்காத அலகுப்பனையும் நுங்கு தரும் பருவப்பனையும் பதநீர் தரும் என்றாலும், பாளையைப் பக்குவப்படுத்தும் முறை இரண்டுக்கும் ஒன்றன்று. அதை எழுதி விளக்க முயன்று மூன்று முறை அடித்துவிட்டேன். கையைப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

தனுஷ்கோடி மணலில் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் இருக்கின்றன. முந்தையது மணலைப் பிடித்து நிறுத்தும் கொடி. சொறிமீன் பட்ட எரிச்சலுக்கு அதன் இலையை மீனவர்கள் அரைத்துப் பூசுவார்கள். பிந்தையது முள் உருண்டையாகக் காய்த்துக் காற்றில் உருண்டோடும் புல். இராமேசுவரத் தீவில் நின்றுகொண்டு அந்தப் பெயரைக் கேட்ட எந்தப் பிள்ளையும் அந்தப் புல்லை மறப்பதில்லை.

ஜனவரி 14

பொங்கலன்று நீளமாக எழுதவில்லை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். உமரிக்கீரையை என் அப்பத்தா உப்பளத்து வரப்பிலிருந்து பறித்து வருவார். வேகவைத்த நீரை வடித்துவிட்டுத்தான் தாளிப்பார், உப்புப் போடமாட்டார். உப்பு ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு "அது வயித்துலயே இருக்குடா" என்றார். ஒரு தாவரம் உவர் நிலத்தில் வாழும் விதத்தைப் பற்றி நான் கேட்ட முதல் பாடம் அதுதான்.

ஜனவரி 20

வழிகாட்டியுடன் நடந்தால் எல்லாம் சிறக்கும் என்று நான் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. எல்லா வழிகாட்டிகளும் ஒன்றல்லர். அதை எனக்கு உணர்த்திய ஒரு நாளைப் பற்றி எழுத வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளியூர் அமைப்பு ஒன்று எங்கள் கரையில் பிள்ளைகளுக்கு இயற்கை நடை நடத்தியது. உடன் நான் சென்றிருந்தேன். அழைத்துச் சென்ற இளைஞர் நன்றாகப் படித்தவர். தாவரங்களின் அறிவியற்பெயர்களைத் தடுமாறாமல் சொன்னார். எருக்கஞ்செடி ஒன்றின் அருகில் நின்று, அதன் காம்பை ஒடித்தால் பால் வரும் என்று சொல்லி, ஆளுக்கொரு காம்பை ஒடித்துப் பார்க்கவும் சொன்னார். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பால் பட்ட விரலால் கண்ணைக் கசக்கிவிட்டான். சிறிது நேரத்தில் கண் சிவந்து, பார்வை மங்குகிறது என்று அழத் தொடங்கினான். அருகிலிருந்த குடிசையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி ஓடிவந்து, வேறு எதையும் ஊற்றவிடாமல், குடத்து நல்ல தண்ணீரை விட்டு நெடுநேரம் கழுவினார். பிறகு உடனே கண் மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னார். பையன் சில நாட்களில் தேறிவிட்டான். தடுத்திருக்க வேண்டிய இடத்தில் நானும் வாய்மூடி நின்றிருந்தேன் என்பதால் அந்த நாள் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

எங்கள் ஊரில் எருக்கின் பெயரைக் கற்கும் பிள்ளை, பாலைக் கண்ணில் படவிடாதே என்பதையும் அதே மூச்சில் கற்றுக்கொள்ளும். பிச்சாவரத்துப் பக்கம் தில்லை மரத்தைச் சொல்பவர்களும் அப்படித்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்ற எச்சரிக்கை அந்த மரத்தின் பெயரோடு சேர்ந்தே வரும். அந்த இளைஞருக்குப் பெயர் தனியாகவும் எச்சரிக்கை தனியாகவும் கிடைத்திருக்க வேண்டும்; அல்லது எச்சரிக்கை கிடைக்காமலே போயிருக்க வேண்டும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கரையில் வாழும் ஒருவரைக் கூட உடன் அழைக்காமல் நடையை ஏற்பாடு செய்தவர்கள் மேல் கோபம் உண்டு.

ஜனவரி 22

சீமைக்கருவேலத்தைப் பற்றி நடையில் பேசலாமா, அது அழிக்கப்பட வேண்டிய மரம் ஆயிற்றே என்று ஒருவர் கேட்கிறார். பேசியே ஆக வேண்டும். விறகுக்காகப் பரப்பப்பட்ட அந்த மரம் கண்மாய்களையும் மேய்ச்சல் நிலத்தையும் அடைத்துக்கொண்டதை நாம் அறிவோம். அதே மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துத்தான் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் உலை வைக்கின்றன. அழித்தாலும் எப்படி அழிப்பது, வெட்டிய தூர் எத்தனை நாளில் துளிர்க்கும் என்பதைக் கரிமூட்டம் போடுகிறவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

ஜனவரி 27

பணம் கொடுக்க வேண்டுமா என்பது முதல் கேள்வியிலேயே இருந்தது. நான் அதைத் தொடாமல் கடந்துவிட்டேன்.

1987இல் கேரளத்து அகத்தியமலையில் ஓர் ஆய்வுக் குழு நடந்தது. வழிகாட்டிகளாகச் சென்ற, அந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்கள் ஏற்றத்தில் களைப்பே இல்லாமல் நடந்தார்கள். இடையிடையே ஏதோ ஒரு சிறிய காயைத் தின்றுகொண்டே போனார்கள். களைத்துப்போன ஆய்வாளர்களுக்கும் கொடுத்தார்கள். அவர்களுக்கும் தெம்பு வந்தது. அது என்ன செடி என்று கேட்டபோது அவர்கள் முதலில் சொல்லத் தயங்கினார்கள். பிறகு காட்டியதுதான் ஆரோக்கியப்பச்சை. அதைக் கொண்டு பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் ஒரு மருந்து நிறுவனத்துக்கு உரிமம் அளித்தது. உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஏற்பாடு இது. ஆயினும் காணிக்காரர்களின் மருத்துவர்களான பிலாத்திகளுள் சிலர் அதை எதிர்த்தார்கள். அந்த அறிவு ஓரிரு வழிகாட்டிகள் எடுத்துக் கொடுக்கக்கூடியதன்று என்பது அவர்களின் நிலை.

இத்தனையும் தொடங்கியது ஒரு காட்டு நடையில்தான். ஆகவே, நடையில் ஒருவர் சொல்லும் சொல்லுக்கு விலை இல்லை என்று எவரும் கூற முடியாது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். உங்கள் ஊர்ப் பதிவேட்டில் அறிவு சொன்னவர் யார் என்பது குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி 2

"காணிக்காரர்கள் பழங்குடிகள், நம் கரையில் அப்படி யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டவருக்கு: சட்டத்தின் பட்டியல் வேறு, ஓரிடத்தில் தலைமுறைகளாக வாழ்ந்து பெற்ற அறிவு வேறு. பட்டியலில் இடம்பெறாத மீனவரும் பனையேறியும் பழங்குடி என்ற சொல்லுக்கு உரிமை கொண்டாட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காணிக்காரர்கள் காட்டை இழந்ததைப் போன்ற இழப்பின் வரலாறு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதை நாம் எடுத்துக்கொள்ளலாகாது. ஆனால் அறிவைக் கேட்கும்போது காட்ட வேண்டிய மரியாதை இருவருக்கும் ஒன்றே.

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் மூச்சடக்கி மூழ்கி எடுக்கிறார்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரையறை வகுத்துக்கொண்டவர்கள் அவர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986இல் தேசியப் பூங்காவானபின் அவர்கள் போய்வந்த இடங்கள் பல தடை செய்யப்பட்டன. கடலுக்கடியில் உள்ள அந்தத் தோட்டத்தை அவர்களைவிட அறிந்தவர் இல்லை.

பிப்ரவரி 3

கடற்பாசி தாவரமே அன்று, அதைச் செடிகளோடு சேர்க்கலாகாது என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். வகைப்பாட்டில் சரி, அதற்கு வேரும் பூவும் விதையும் இல்லை. நேற்று தோட்டம் என்று எழுதியதை மாற்ற மாட்டேன். பாறையில் ஒட்டியிருக்கும் அடியை விட்டுவிட்டு மேலே மட்டும் கிள்ளினால் மீண்டும் வளரும் என்று தெரிந்து எடுப்பவர்களுக்கு அது தோட்டம்தான்.

பிப்ரவரி 16

இவ்வளவு எழுதிய பிறகு, அந்த ஓடைக்கு மறுபடியும் போனேன். பலகையைப் பற்றி அந்த அம்மாளிடமே கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. இந்த முறை பிள்ளைகள் இல்லை, நான் மட்டும்.

ஓடையின் வளைவு ஒன்றில் முன்பு நாங்கள் திரும்பிவிட்ட இடத்துக்கு அப்பால், சிறிய மேட்டில் ஒரு செடியைப் பார்த்து அவர் நின்றார். ஓர் இலையைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார். அது எதற்கு என்று கேட்டேன். "இது எங்க வீட்டுப் பொம்பளைங்க விசயம் சார். சொல்றதில்ல" என்றார். நான் குறிப்பேட்டை மூடிவிட்டேன். அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் நண்டு வளையின் வாயை மண்ணின் ஈரத்தை வைத்து அறிவது எப்படி என்று, முந்தைய நடையில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

முதல் கேள்விக்கு ஜனவரி 5 அன்று நான் கொடுத்த பதிலில் நீரேற்றமும் உப்பும் மூச்சுவேரும் இருந்தன. அவை எல்லாவற்றையும் ஒரு நல்ல பலகையிலும் எழுதிவிட முடியும் என்று அந்த வாசகர் இப்போது வாதிட்டால் நான் ஒப்புக்கொள்வேன். பலகையால் செய்ய முடியாதது வேறு. எதிரில் நிற்பவர் யார், அவர் இதை வைத்து என்ன செய்வார், இவருக்கு இதைச் சொல்லலாமா என்று பார்த்து, சொல்லாமல் நிறுத்திக்கொள்ளும் உரிமை மனிதருக்கு உண்டு. அகத்தியமலையில் காணிக்காரர்கள் தயங்கிய அந்தச் சில நிமிடங்களை நான் இப்போது வேறுவிதமாக நினைத்துப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 17

பலகையைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்பதை நேற்று எழுதாமல் விட்டதற்குப் பலர் கேட்டுவிட்டார்கள். அவர் பலகை வேண்டும் என்றுதான் சொன்னார். நான் எதிர்பார்க்கவில்லை. மரங்களுக்கு வேண்டாமாம், ஓடையில் இறங்கும் துறையில் ஒன்றே ஒன்று போதுமாம். விடுமுறை நாட்களில் கூட்டம் கூட்டமாக வருகிறவர்கள் தாமாகவே ஓடைக்குள் இறங்கி, மூச்சுவேர்களின் மேல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நெகிழிப் பைகள் வேர்களில் சிக்கிக் கிடக்கின்றன. ஏற்றம் வந்த பிறகு கத்துகிறார்கள். அவர்களுக்காக அந்தப் பலகை.

அதில் எழுதவேண்டியவை: எந்த வளைவுக்கு அப்பால் போகலாகாது, எதைத் தொடலாகாது, இன்று நீர் எப்போது ஏறும். கடைசி வரி நாளுக்கு நாள் மாறும். மறுநாள் ஏற்றம் முக்கால் மணி நேரத்துக்கும் கூடுதலாகத் தள்ளிப்போகும், காற்று மாறினால் அதுவும் மாறும். ஆகவே வண்ணத்தில் எழுதுவதால் பயனில்லை.

மார்ச் 2

எங்கள் பள்ளியில் கழித்துப் போட்டிருந்த கரும்பலகை ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி, கறுப்பு மை பூசி, துறையில் உள்ள பூவரசு மரத்தடியில் நட்டிருக்கிறோம். மேல் இரண்டு வரிகளை நான் எழுதினேன். "கண்டல்" என்ற சொல்லை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். கடைசி வரியை ஒவ்வொரு நாளும் காலையில் நண்டுக்குப் போகும்போது அவர் எழுதுகிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை நடைக்கு வருவதாகச் சொன்ன ஆறு பேரும் விடிவதற்கு முன்பே துறைக்கு வந்துவிட வேண்டும். நடைக்கான தொகையை அவர் கையிலேயே கொடுங்கள், என்னிடம் வேண்டாம்.